சத்தம் போட்டால் வந்துவிடும்

எங்கள் வீட்டில் ஒரு மூன்று லிட்டர் குக்கர் இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த சீர். அது விசில் அடித்து நான் கேட்டதே இல்லை. ஆவி திரண்டு வெயிட் லேசாக ஆட ஆரம்பித்ததுமே அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பற்றவைப்பாள். மறுபடி அணைப்பாள். நாலைந்து தடவை இப்படி நடக்கும். அதற்குப் பேசாமல் சட்டியிலேயே வேகவைத்திருக்கலாம், ஆனால் சீர் வந்த குக்கரைச் சும்மா வைக்க அவளுக்கு மனசில்லை. எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பு எப்போதும் பல்லில் அகப்படும். மற்ற வீடுகளில் விசிலை எண்ணிச் சமைப்பார்கள் என்பதே எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகுதான் தெரியும். "மூணு விசில் வந்ததும் அணைச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு மாமியார் குளிக்கப் போனார். முதல் விசிலுக்கே நான் கூடத்துக்கு ஓடிக் கதவிடுக்கில் நின்றுகொண்டேன். ஈரத்தலையோடு வந்து பார்த்த மாமியார், "என்னடி ஆச்சு, வெடிச்சிருச்சா?" என்றார். ஒன்றும் வெடிக்கவில்லை.

அப்பாவுக்குச் சத்தம் ஆகாது. எங்கள் வீட்டுச் சட்டம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவர் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் பிரேக் போடும். அந்த நிமிஷம் அம்மா ரேடியோவை நிறுத்துவாள், கழுவிய பாத்திரங்களைப் பழைய துண்டின் மேல் கவிழ்ப்பாள், என்னைப் பார்த்து "அப்பா வந்தாச்சு" என்பாள். என் கொலுசில் இருந்த முத்துகளைக்கூட ஆசாரியிடம் கொடுத்து எடுத்துவிட்டாள். அப்பா குடிக்கிறவர் இல்லை. கை நீட்டி அடிக்கிறவரும் இல்லை. எனக்குப் பிடிக்கும் என்று சனிக்கிழமைதோறும் தேங்காய் பன் வாங்கிவருவார். அந்த மனிதரைப் பார்த்து நான் பயந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அடித்திருந்தால்கூடச் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு ஐந்து வயது இருக்கும். குளியலறைக் கதவில் விரல் நசுங்கிவிட்டது. வீல் என்று கத்தினேன். கத்தி முடிக்கவில்லை, அப்பாவின் கை வந்து வாயைப் பொத்தியது. அகலமான கை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய் வாசனை. அழுத்திப் பிடித்தார், மூக்கு மட்டும் வெளியே இருந்தது. என் அழுகை அந்தக் கைக்குள்ளேயே முட்டி மோதி அடங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை. இன்றைக்கும் மறக்காதது அந்தக் கை இல்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு. என் அப்பா யாருக்கோ பயப்படுகிறார் என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் நிறையத் தடவை அந்தக் கை வந்தது. காய்ச்சலில் புலம்பியபோது, கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறியபோது, ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விழுந்து விழுந்து சிரித்தபோதும். ஒவ்வொரு தடவையும் அவர் கண் வாசலுக்குப் போகும். வெளியில் ஏதோ இருக்கிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சத்தம் கேட்டால் அது வந்துவிடும். எது என்று தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை, கேட்பதும் சத்தம்தானே! ராத்திரி படுக்கையில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். உருவம் கிடைக்காது. உருவம் இருந்திருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்குமோ என்னவோ. ஏழு வயதுக்குள் சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொண்டேன். தொண்டையை இறுக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு விட வேண்டும், கண்ணீர் பாட்டுக்கு வரும். பழகிவிட்டால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

தெருவில் எங்களுக்கு நல்ல பேர். "எஷ்டு ஒள்ளே மனே, எவ்ளோ நல்ல வீடு, ஒரு சத்தம் கெடையாது" என்று பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. சத்தம் ஆகாத அந்த மனிதர் எட்டு மணி நேரம் நின்ற இடம் எது என்றால், ஓசூரிலேயே காது கிழிகிற இடம். பிரஸ் ஷாப். தகடு மேல் இரும்பு விழுகிற ஓசையில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. வேறு பிரிவுக்கு மாற்றுகிறோம் என்று இரண்டு தடவை சொன்னார்களாம், அப்பா மாட்டேன் என்றுவிட்டார். அங்கே மனுஷக் குரல் கேட்காது என்பதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. காதில் வைக்கச் சொல்லிக் கொடுத்த பஞ்சையும் ஒழுங்காக வைக்கவில்லை. ரிட்டயர் ஆகும்போது முக்கால்வாசிக் காது போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னால்தான் கேட்கும். எங்கள் வீட்டில் உரக்கச் சொல்ல யாருக்குத் தெரியும்? அதனால் அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை என்று ஆகிப்போனது.

என் வீட்டுக்காரர் தெற்குச் சீமைக்காரர், வேலைக்காக ஓசூர் வந்தவர். அவர்கள் வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் நாலு வீட்டுக்குக் கேட்கக் கேட்பார்கள். முதல் ஒரு வருஷம் நான் தலைவலியோடே இருந்தேன். பிறகு பழகியது, பிடிக்கவும் செய்தது. எல்லாம் தீர்ந்தது, அந்த வீட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மகள் பிறந்தாள். இரண்டு வயதில் ஒருநாள் காது வலியில் கத்தினாள், கத்தினாள், நிறுத்தவே இல்லை. "என்னடி பண்றே, கையை எடு!" என்று இவர் என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் பார்த்தேன். என் கை குழந்தையின் வாய்மேல் இருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. குழந்தையின் கண் மட்டும் என்னைப் பார்த்து விரிந்திருந்தது. அந்தக் கண்ணை நான் எனக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குப் பூஜை அலமாரி முன்னால் நின்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரைக்கும் மீறவில்லை. கை போகவே இல்லை. அதிலே ஒரு திமிரும் வந்துவிட்டது எனக்கு. அப்பாவால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மகள் வளர வளர நல்ல அமைதி. கடைக்குக் கூட்டிப்போனால் இது வேண்டும் அது வேண்டும் என்று அழ மாட்டாள். ஊசி போட்டால் உதட்டைக் கடித்துக்கொள்வாள். "உன் பொண்ணு தங்கம்டி" என்று ஷிப்டில் கூட இருப்பவர்கள் சொல்லும்போது பூரித்துப்போவேன். ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன், நூலளவு கீறலைக்கூடக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் என் கண்ணெதிரில் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம், அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. மற்ற பிள்ளைகள் குதித்து இறங்க, இவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பையை இடது தோளில் மாட்டியிருந்தாள். எப்போதும் வலது தோள்தான். முகம் வெளுத்திருந்தது. "என்ன கண்ணு?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் மணிக்கட்டுக்கு மேலே வீங்கிக் கிடந்ததைப் பார்த்தேன், கை ஒரு பக்கமாக வளைந்திருந்தது. வண்டியில் முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழி நெடுக வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அவள் உடம்பு விறைத்தது, வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பு இரண்டும் முறிந்திருக்கிறது என்றார். "எப்ப விழுந்தே பாப்பா?" பதினொரு மணி இன்டர்வெல்லில், சறுக்குமரத்திலிருந்து. மணி அப்போது ஐந்து. ஆறு மணி நேரம், முறிந்த கையோடு கணக்குப் பாடம் எழுதியிருக்கிறாள், இடது கையால். மிஸ்ஸிடமும் சொல்லவில்லை, ஆயாம்மாவிடமும் சொல்லவில்லை. டாக்டர் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது, கூனிக் குறுகிப்போனேன். "வலிச்சா சொல்லணும்ல? ஏன் அழலை நீ?" என்று அவர் கேட்டார். மகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"சத்தம் போட்டா வந்துரும்."

"எது வந்துரும்?"

"தெரியல. நான் அழுதா அம்மா கதவைப் பாப்பாங்க."

நான் இந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் இல்லை, கட்டிய கணவரிடம் இல்லை. முப்பது வருஷமாக எனக்குள்ளேயே கிடந்த வார்த்தை. அது எப்படி இவள் வாயில் வந்தது? கையைத்தான் கட்டிவைத்திருந்தேன், கண்ணைக் கட்டவில்லை. ஒவ்வொரு தடவை அவள் அழும்போதும் நான் வாசலைப் பார்த்திருக்கிறேன், ஐந்து வயதில் நான் பார்த்ததை அவளும் பார்த்திருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரி அறையில் எனக்கு வந்தது மாதிரி ஒரு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நாளைக்கு இவளுக்கு இதைவிடப் பெரியது ஏதாவது நடந்தால்? யாராவது ஏதாவது செய்தால்? அப்போதும் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். நாங்கள் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருப்போம்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், குழந்தைகளோடு பேசுகிற ஒரு அம்மாவைப் பார்க்கச் சொல்லி. போனேன். மகளைப் படம் வரையச் சொல்லி விட்டுவிட்டு அவர் என்னிடம்தான் அதிகம் பேசினார். எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் கேட்டார், "உங்க அப்பா வாசலைப் பாத்தாரே, அவர் எதைப் பாத்தார்?" முப்பத்தெட்டு வயதாகிறது, ஒருநாளும் கேட்டதில்லை. "கேளுங்க. உங்க பொண்ணுக்குச் சொல்றதுக்காவது உங்களுக்குத் தெரியணும்" என்றார். அப்பாவிடம் கேட்பதா? அத்தையிடம் போனேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா, ஐந்து வயது மூத்தவர். தளி தாண்டி ஜவளகிரிப் பக்கம், காட்டை ஒட்டி அவர்கள் பிறந்த நிலத்திலேயே இருக்கிறார். அப்பா அங்கே போவதில்லை. ராகி அறுப்புக் காலத்தில் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுப்போட்ட கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அத்தை களத்தில் ராகிக் கதிரைக் காயவைத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கையைப் பார்த்துப் பதறி, "எப்படி ஆச்சு கண்ணு?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். "சத்தம் போட்டா வந்துரும்னு சொல்றா அத்தை" என்றதும் அவர் கையிலிருந்த முறம் நழுவியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, குழந்தையைக் கோழிக்குஞ்சு பார்க்க அனுப்பிவிட்டுச் சொன்னார்.

அவர்களுடைய அப்பா யானை அடித்துச் செத்தார் என்பது எனக்குத் தெரியும். படத்துக்கு மாலை போடும்போது அவ்வளவுதான் சொல்வார்கள். மீதியை அன்றுதான் கேட்டேன். அறுப்புக்கு முந்தின வாரம், இருட்டத் தொடங்குகிற நேரம். நிலத்தின் ஓரத்துப் பரண்மேல் அத்தையும் அப்பாவும் காவல். அத்தைக்குப் பன்னிரண்டு, அப்பாவுக்கு ஏழு. அப்பாவின் மடியில் ஒரு காலி எண்ணெய் டின், கையில் குச்சி. அந்த ஊரில் ஒரு முறை உண்டு. யானை கூட்டமாக வந்தால் தகரம் தட்ட வேண்டும், குட்டியோடு வருவதால் சத்தத்துக்குத் திரும்பிவிடும். ஒற்றையாக வந்தால் மூச்சு விடக் கூடாது. ஒற்றை, சத்தம் வந்த இடத்தைத் தேடி வரும். சின்னப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம்.

"மூங்கில் அசைஞ்சுது கண்ணு. அங்கொண்ணு இங்கொண்ணு நாலஞ்சு இடத்துல அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. காத்துன்னு எனக்குத் தோணல. கூட்டம்னுதான் நெனச்சேன். நான்தான் சொன்னேன், 'தட்டுடா'ன்னு. அவன் தட்டினான். வந்தது ஒத்தை. நேரா பரணைப் பாத்து வருது. எங்கப்பா அந்தாண்டக் கரையில நெருப்புக்கு விறகு அடுக்கிட்டு இருந்தாரு. பாத்துட்டு, 'ஓய், ஓய்'னு கத்திக்கிட்டு இந்தாண்ட ஓடி வந்தாரு. அது அவரு பக்கம் திரும்பிருச்சு."

குடிசையிலிருந்த அவர்களுடைய அம்மா பரண்மேல் ஏறி இரண்டு பிள்ளைகளையும் கீழே அழுத்திப் படுக்கவைத்தாராம். தம்பி "அப்பா" என்று கத்த வாயெடுத்தான். அம்மா அவன் வாயைப் பொத்தினார். யானை போகவில்லை, பரணைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஊர்க்காரர்கள் பந்தத்தோடு வந்துசேரும் வரைக்கும் பொத்திய கையை அவர் எடுக்கவில்லை. "அந்தக் கை இல்லேன்னா நாங்க மூணு பேரும் போயிருப்போம்" என்றார் அத்தை. மறுநாள் அவர்களுடைய அம்மா கேட்டிருக்கிறார், ஒற்றைக்கு எவன்டா தட்டினது என்று. தம்பி, "நான்தான்" என்றான். அத்தை பக்கத்தில் நின்றார். வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை.

"அவனுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன்" என்றவர், எழுந்து முகம் கழுவினார். "நட. அவங்கிட்டப் போலாம்." இன்றைக்கேவா என்றேன். "நாளைக்குன்னா எனக்குத் தைரியம் வராது கண்ணு" என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஓசூரில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அத்தை உட்காரவில்லை. தம்பியின் முன்னால் நின்று, தணிந்த குரலில், "அன்னைக்கு நான்தான்டா தட்டச் சொன்னேன்" என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்று காதைச் சாய்த்தார். அத்தை மறுபடி சொன்னார். மறுபடியும் "என்ன?" ஐயோ, அந்தக் கொடுமையை எப்படிச் சொல்வேன். ஐம்பது வருஷம் உள்ளே அழுத்தி வைத்ததைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. அத்தை இரண்டு கையாலும் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினார். "நான்தான்டா! நான்தான் தட்டச் சொன்னேன்! அப்பாவை நான்தான்டா கொன்னேன்!"

அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். பாவம், அவளுக்கு அதுதான் தெரியும். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் கண் தானாக வாசலுக்குப் போவதை உணர்ந்தேன், திருப்பினேன், மறுபடி போயிற்று. அப்பா சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நீ சொல்லித்தானே தட்டினேன். எனக்குத் தெரியாதா? உன் பேரைச் சொன்னா அம்மா உன்னைக் கொன்னே போட்டிருக்கும். நான் சின்னவன், விட்டுரும்னு நெனச்சேன். விட்டுருச்சு. ஆனா அப்புறம் அம்மா என்கிட்டப் பேசவே இல்லைக்கா. சாகற வரைக்கும் நேரா முகம் பாத்துப் பேசல."

ஏழு வயதுப் பிள்ளை அக்காவுக்காக மறைத்த ரகசியம். அதைக் காப்பாற்றத்தான் அந்த வாய் மூடியே இருந்திருக்கிறது. அதன் பிறகு அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவருக்கு அழத் தெரியவில்லை. எங்கே மூச்சை விடுவது, எங்கே இழுப்பது என்று தெரியாமல் திணறித் திணறி வந்தது. அத்தை அவரைக் கட்டிக்கொண்டார். எனக்கு அவர்களிடம் போக வேண்டும் என்று இருந்தது, போகவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஆன ஒரு மனிதர் தன் அப்பாவுக்காக முதல் தடவையாக அழுகிறார். பார்க்கிற எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ ஓடிப் போய்விடலாம் போல இருந்தது, அத்தனை பயம்.

மகள்தான் போனாள். அப்பாவின் முழங்காலருகே நின்று அண்ணாந்து பார்த்தாள். "தாத்தா, வலிக்குதா?" என்றாள். அவருக்கு எப்படித்தான் கேட்டதோ, தலையை ஆட்டினார். அவள் என் பக்கம் திரும்பினாள். உதடு கோணியது. "எனக்கும் வலிச்சுதும்மா. கை ரொம்ப வலிச்சுது." அவ்வளவுதான், ஓவென்று ஆரம்பித்தாள். சறுக்குமரத்தில் விழுந்த பதினொரு மணியின் அழுகை, மூன்று வாரம் கழித்து வந்தது. வீடே அதிர்ந்தது.

அப்பாவின் கை எழுந்தது. நான் பார்த்தேன். அழுகைக்கு நடுவிலும் அது எழுந்தது, விரல்கள் விரிந்து குழந்தையின் முகத்தை நோக்கிப் போயிற்று, கண் வாசலுக்குத் திரும்பியது. "வேண்டாம்ப்பா!" என்று ஒரு கத்தல். என் குரல்தான். பிறந்ததிலிருந்து நான் அவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவை. குழந்தையை இழுத்து என்மேல் சாய்த்துக்கொண்டேன். அந்தக் கை நடுவில் நின்றது. அவர் அதைப் பார்த்தார், பிறகு மெதுவாக மடிக்குக் கொண்டுபோனார். மகள் அழுது முடிக்க நெடுநேரம் ஆயிற்று. நாங்கள் நாலு பேரும் அவரவர் இடத்தில் அப்படியே இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் ஒரே நாளில் போகிற சனியன் இல்லை இது. வேரைக் கண்டுபிடித்துவிட்டால் செடி தானாகக் காய்ந்துவிடாது. மகளுக்கு நாங்கள் கதையைச் சொல்லிவிட்டோம். யானை, பரண், தகரம், எல்லாம். அவளுக்கு இப்போது பயத்துக்கு ஒரு உருவம் கிடைத்திருக்கிறது. "இங்க யானை வராதுல்லம்மா?" என்று அடிக்கடி கேட்பாள். வராது என்பேன். சொல்லிவிட்டு நான் வாசலைப் பார்த்தேனா இல்லையா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். சில நாள் பார்த்திருப்பேன். டாக்டர் அனுப்பிய அந்த அம்மாவிடம் மாதம் ஒருமுறை இன்னும் போகிறோம். அப்பா வர மாட்டேன் என்கிறார். "எனக்கென்ன பைத்தியமா" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு மட்டும், கூப்பிடாமலே கிளம்பி வந்தார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டும் மிஷின் ஓட ஆரம்பித்ததும் மகள் வீறிட்டாள். வலி இல்லை, பயம்தான். ஆனாலும் என்ன குரல்! வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வெட்டுகிற ஆளுக்குக் கடுப்பு. "ஏய் பாப்பா, வாயை மூடு, சத்தம் போடக் கூடாது" என்று அதட்டினார். நான் குழந்தையின் இடது கையைப் பிடித்திருந்தேன். மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். முகம் வெளிறிக் கிடந்தது. கண் வாசலில். இதோ வரப்போகிறது, கை வரப்போகிறது என்று நான் குழந்தைப் பக்கம் சாய்ந்தேன்.

அப்பா அறையைக் கடந்து நேராக வாசலுக்குப் போனார். நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, வெளியே பார்த்து நின்றுகொண்டார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார்.

"கத்தட்டும் விடுப்பா. இங்க நான் நிக்கறேன்."